ஒரு ஜீப் நிறையப் பயிற்சியாளர்கள்

1

எங்கள் கிளப்பில் கோச் மாறிவிட்டார். கம்பம் ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றும் ஆகாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இங்கிலாந்தின் வடக்கே, பெயரைச் சொன்னால் எங்கே இருக்கிறது என்று நீங்கள் திருப்பிக் கேட்கப்போகிற ஓர் ஊரில், தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றுக்கு நான் பிசியோவாக இருக்கிறேன். டிவியில் நீங்கள் பார்க்கிற பெரிய அணிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குக் கீழே ஒரு தட்டு, அதற்குக் கீழே இன்னொரு தட்டு, அதற்கும் கீழே குனிந்து பார்த்தால் நாங்கள் தெரிவோம். ஆட்டக்காரர்களுக்குத் தசை இழுத்துக்கொண்டால் சரிசெய்வது, கணுக்கால் பிசகினால் கட்டுப்போட்டு மறுபடி ஓடப் பழக்குவது என் வேலை. மதுரையில் படித்து, இங்கே வந்து மறுபடியும் பரீட்சை எழுதி வாங்கிய அங்கீகாரம். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள், "புட்பால் டீம்லயா இருக்கீக, எந்தப் பொசிசன்ல ஆடுறீக?" என்று கேட்கிறார்கள். ஐம்பதைத் தொடப்போகிற தொப்பைக்காரனை எந்தப் பொசிஷனில் ஆடவிடுவார்கள் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியது ஒரு ஜூலை மாதம். ஒவ்வொரு ஜூலையிலும் அந்த நாள் வரும்போது ஊர்ப் பத்திரிகைக்கு எதையாவது எழுதி அனுப்புவேன். இந்த ஜூலையில் எழுதுவதற்கு விஷயத்தைக் கிளப்பே கொடுத்துவிட்டது.

போன சீசனில் எங்கள் அணி தோற்ற தோல்வியில் பழைய கோச்சை அனுப்பிவிட்டார்கள். அது நியாயம்தான். அவரோடு சேர்த்து அவர் கூட்டிவந்த ஆட்களையும் அனுப்பினார்கள். அப்புறம் கிளப்பின் இணையப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. ஒன்பது பேர், ஒரே மாதிரி கறுப்பு ஜாக்கெட், ஒரே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, யாரோ கடன் கேட்க வந்ததைப் போன்ற முறைப்பு. 'எங்கள் புதிய பயிற்சிக் குழு' என்று கீழே எழுதியிருந்தது.

ஒன்பது பேருக்கும் ஒன்பது பதவி. தலைமைக் கோச் ஒருவர். அவருக்குத் துணை இருவர். துணைக்கு எதற்குத் துணை என்று கேட்கக்கூடாது. கோல்கீப்பருக்கு ஒருவர். கார்னரும் ஃப்ரீ கிக்கும் சொல்லித்தர ஒருவர். கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்ட ஒருவர். எப்படித் தூங்குவது என்று சொல்லித்தர ஒருவர். உடம்பை மீட்பதற்கென்று ஒருவர். கடைசியாக ஓரத்தில் நின்றவர், த்ரோ-இன் கோச். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால் அதை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே எறிவார்கள், பார்த்திருப்பீர்கள். அதைக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள், மாதச் சம்பளத்தில்.

உத்தமபாளையத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பி.டி. வாத்தியார் இருந்தார். கால்பந்து, கபடி, கொடியேற்றும்போது மார்ச் பாஸ்ட், கணக்கு வாத்தியார் லீவு போட்டால் கணக்கு, எல்லாம் அவர்தான். அவரும் பெரிய கெட்டிக்காரர் இல்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டே டீ குடிப்பார். எங்கள் அணி பெரியகுளத்தில் போய் ஏழு கோல் வாங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஏழு கோலுக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே ஏழு கோல் விழுந்தால் யாரைக் கேட்பது என்று கண்டுபிடிக்கவே ஒரு மீட்டிங் போடுவார்கள்.

2

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கம்பத்து ஜீப்தான் ஞாபகம் வந்தது. உங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதை. மீதிப் பேருக்காகச் சொல்லிவிடுகிறேன்.

விடிவதற்கு முன்னால் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப் ஜீப்பாக ஆள் ஏறும். ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு கங்காணி உண்டு. ஆள் சேர்ப்பதும், தோட்டத்தில் அவர்களை வேலை வாங்குவதும் கங்காணி பொறுப்பு. தோட்டத்தில் மேனேஜர் மாறினால் கங்காணி மாறுவார். கங்காணி மாறினால் ஜீப்பே மாறும். புதுக் கங்காணி தன் தங்கச்சி, கொழுந்தியாள், பக்கத்து வீட்டுக்காரி என்று தனக்குத் தோதான ஆட்களோடுதான் வருவார். பழைய ஆள் எவ்வளவு வேகமாகக் காய் எடுத்தாலும் பிரயோசனமில்லை.

பெண்கள் மழைக்குப் போர்த்துகிற கொங்காணியையும், காய் எடுக்கிற வாளியையும் தினமும் வீட்டுக்குச் சுமக்க மாட்டார்கள். சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு இறங்குவார்கள். அது கிடந்தால் மறுநாள் இடம் இருக்கிறது என்று அர்த்தம். ஒருத்தியை நிறுத்த வேண்டுமென்றால் கங்காணி வந்து பேசுவதில்லை. அவள் எழுந்து கதவைத் திறக்கும்போது அந்தச் சாமான் வாசலில் இருக்கும். வாளி கீழே, கொங்காணி சதுரமாக மடித்து மேலே. விசிறி எறியாமல் மடித்து வைக்கிறார்களே, அதுதான் மரியாதை. அவர்களும் காரணம் சொல்வதில்லை, இவளும் போய்க் கேட்பதில்லை. கேட்டால் கெஞ்சியதாக ஆகிவிடும்.

ஒரே ஒரு சலுகை உண்டு. நிறுத்தப்பட்டவள் ஒருமுறை மட்டும், ஜீப் கிளம்புவதற்கு முன்னால் போய், ஒன்றும் பேசாமல் தன் சாமானைச் சீட்டுக்கு அடியில் திரும்ப வைக்கலாம். கங்காணி அதை எடுத்துக் கீழே வைக்காவிட்டால் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். எடுத்து வைத்துவிட்டால் அவ்வளவுதான்.

நான் பிளஸ் டூ படித்தபோது என் அக்கா பேச்சியம்மாளின் கொங்காணி எங்கள் வாசலுக்கு வந்தது. அவள் சம்பளத்தில்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைப் பார்த்தாள், எடுத்து உள்ளே ஆணியில் மாட்டினாள், எனக்கு இட்லி எடுத்து வைத்தாள். போய்க் கேட்கலாமே என்றேன். "ஏலே, கேட்டு வாங்குனா அது வேலையா" என்றாள். திரும்ப வைத்துப் பார்க்கவும் அவள் போகவில்லை. கொஞ்சநாள் கழித்து வேறு ஜீப்பில் ஏறினாள். இப்போது அவளே ஒரு ஜீப்புக்குக் கங்காணி. எத்தனை வாசலில் எத்தனை கொங்காணியை மடித்து வைத்தாள் என்று நான் கேட்டதில்லை.

3

ஆக, புது ஜீப் வந்துவிட்டது. முதல் நாள் எல்லாரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்துத் தலைமைக் கோச் பேசினார். நாம் ஒரு குடும்பம் என்றார். இதே ஹாலில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, போன கோச்சும் இதையேதான் சொன்னார். அந்தக் குடும்பத் தலைவர் தன் அட்டைப்பெட்டியைக் காரில் ஏற்றியபோது வழியனுப்ப இரண்டு பேர்தான் வந்தோம், நானும் வாசல் காவலாளியும்.

அடுத்து தூக்கக் கோச் எழுந்து தூக்கத்தைப் பற்றிப் பேசினார். நன்றாகத் தூங்க வேண்டும், இருட்டில் தூங்க வேண்டும், தூங்கும்போது போன் பார்க்கக்கூடாது. இதைச் சொல்லத் திரை, ரிமோட், முப்பது படங்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர் அந்தக் கணமே பாடத்தைச் செயலில் காட்டிவிட்டார்.

பிறகு ஒவ்வொருவராக வந்து எங்களோடு கைகுலுக்கினார்கள். என் பெயர் செல்லப்பாண்டி. வந்த வருஷமே அதைப் பிய்த்து ஆண்டி என்று ஆக்கிவிட்டார்கள். நானும் திருத்தித் திருத்திப் பார்த்து ஓய்ந்து, அதையே சட்டையில் குத்திக்கொண்டு அலைகிறேன். த்ரோ-இன் கோச்சுக்கு கிரெக் என்று பெயர். நீளக் கை, நீளக் கழுத்து. என் கையைப் பிடித்து ஆட்டினார். கண் மட்டும் எனக்குப் பின்னால் சாண்ட்விச் வைத்திருந்த மேஜையில் இருந்தது. மீட்புக் கோச் சின்னப் பையன். தாடி, கையில் துளைபோடுகிற மெஷின் போன்ற ஒரு மசாஜ் சாமான். அவன்தான் என்னைக் கலக்கினான். என் அறைக்கு வந்து, ஐஸ் எங்கே இருக்கிறது, கட்டில் எத்தனை, அலமாரிச் சாவி யாரிடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். வீடு பார்க்க வந்தவன் கேட்கிற கேள்வி.

நான் செய்கிற வேலையைச் செய்ய அவர்கள் சொந்த ஆள் ஒருவனைக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று அன்றைக்கே முடிவுகட்டினேன். இந்த வயதில் வேலை போனால் ஏதாவது ஆஸ்பத்திரியில் போய், என் மகள் வயதுப் பிள்ளைகளுக்குக் கீழே முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. பயத்தை வெளியே காட்டத் தெரியாதவன் இளக்காரம் பேசுவான், நானும் அதைத்தான் செய்தேன். கேண்டீனில் அவர்களுக்கு ஒவ்வொரு பட்டப்பெயர் வைத்தேன். தலைமைக் கோச் மேஸ்திரி. தூக்கக் கோச் கும்பகர்ணன். கிரெக்குக்குக் கையெறி என்று வைத்தேன். தமிழில் வைத்ததால் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. இனிமேல் எல்லா அறிவிப்பும் கிளப்பின் புதிய ஆப்பில்தான் வரும், எல்லாரும் போனில் ஏற்றிக்கொள்ளவும். நான் ஏற்றவில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது, வந்து சொல்லட்டும் என்றிருந்தேன். மெயிலுக்குப் பின்னால் நினைவூட்டல், நினைவூட்டலுக்குப் பின்னால் 'அன்பான நினைவூட்டல்'. இந்த நாட்டில் அன்பு என்ற சொல்லைக் கண்டால் கொஞ்சம் எட்டி நிற்பது நல்லது.

4

அடுத்த வாரம் ஒரு காலையில் வழக்கம்போல் போனேன். மைதானத்தில் ஒருவரும் இல்லை. நடையில் முதல் அறை என்னுடையது. கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே, சுவரோரமாக, நான் தினமும் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டுப் போகிற என் பை.

பைக்குப் பக்கத்தில் நான் அறைக்குள் போடுகிற செருப்பு, ஜோடியாக. டீ கோப்பை, துண்டு. பைக்கு மேலே என் மழைக்கோட்டு, ஓரம் ஓரமாகச் சேர்த்து, சதுரமாக மடித்து.

 அந்த மடிப்பைப் பார்த்ததும் எங்கள் வீட்டு வாசலும், அக்கா குனிந்து கொங்காணியை எடுத்ததும் அப்படியே வந்து நின்றன. இங்கே இருக்கிறவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள், அதுவும் நான் பிறந்த ஊர் பாஷையிலேயே சொல்லிவிட்டார்கள் என்றுதான் பட்டது.  அவமானம்தான், வேறென்ன.

கதவைத் தட்டவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் கேட்கவில்லை. செருப்பையும் கோப்பையையும் துண்டையும் பைக்குள் போட்டு, கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் காவலாளி, வானிலை நன்றாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த இடத்தை விட்டுப் போகிறவன் அப்படித்தான் போக வேண்டும், வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு. என் கம்பீரத்தை நானே மெச்சிக்கொண்டு காரை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் தோட்டத்தில் இருந்தாள். பின்னால் பெண்கள் பேசுவது கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"மடிச்சா வச்சிருந்தாக?" என்றாள்.

"மடிச்சுதாங்க்கா."

"சதுரமாவா?"

"சதுரமா."

 "வெள்ளக்காரனுக்கும் இது தெரிஞ்சிருக்கே" என்றாள். "நீ எதும் கேட்டியா?"

"கேக்கல."

"கேக்காத. அவுக மூஞ்சில முழிக்காத. உனக்கு அங்கன ஒரு ஜீப்புதானா இருக்கு?"

எனக்கு அந்த வார்த்தை தெம்பாக இருந்தது. உலகத்தில் ஒரு ஆளுக்காவது என் நிலைமை புரிந்துவிட்டது என்று தோன்றியது. நாங்கள் இரண்டு பேருமே எவ்வளவு தூரம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

5

வீட்டில் லீவு என்று சொன்னேன். என் மனைவி மகேஸ்வரி ஆஸ்பத்திரியில் நர்ஸ், சின்னமனூர்க்காரி, நோயாளி முகத்தைப் பார்த்தே சாப்பிட்டாரா இல்லையா என்று சொல்கிறவள். முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் டியூட்டி முடிந்து வந்து அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, லீவுன்னா கால நீட்டிப் படுக்கணும். வேலை போயிருச்சுன்னா போயிருச்சுன்னு சொல்லணும். ரெண்டும் இல்லாம என் மசால் டப்பாவ எல்லாம் கழுவிக் கவுத்தி வச்சிருக்கீக."

"தூசியா இருந்துச்சு" என்றேன்.

"தூசியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பகலெல்லாம் மனதுக்குள் மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில்தான் பேசினேன், என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் பேசியதில்லை. உங்கள் ஒன்பது பேரையும் சேர்த்தால் ஒரு பி.டி. வாத்தியார் தேற மாட்டார் என்றேன். குடும்பம் என்ற சொல்லை இனி உங்கள் வாயால் சொல்லாதீர்கள் என்றேன். அவர் தலைகுனிந்து நின்றார். போன் ஒருமுறை அடித்தது, ஓடிப்போய் எடுத்தேன். சோலார் பேனல் விற்கிற கம்பெனி.

கிளப்பிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. வேலையை விட்டு நீக்கினால் இந்த ஊரில் காகிதம் காகிதமாக அனுப்புவார்கள். முதலில் 'உங்கள் பணி ஆபத்தில் இருக்கலாம்', அப்புறம் 'கலந்தாலோசிக்க அழைக்கிறோம்', அதற்கும் பிறகுதான் கத்தி. ஒன்றும் வராதது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. நம் ஊர் முறைப்படி வெளியே வைத்துவிட்டார்கள், அப்புறம் காகிதம் எதற்கு என்றுதான் நினைத்தேன். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு படித்தவன்.

என் மகள் சௌமியாவுக்குப் பதினாறு வயது. அவளும் நானும் பேசிக்கொள்வது இப்போதெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஊர்ப் பேச்சு எடுத்தால், 'உங்க ஊர்ல' என்பாள். நம்ம ஊர் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் அவளாகவே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

"அப்பா, உங்க ரூம் பெயிண்ட் பண்ணிட்டாங்க, பாத்தீங்களா?"

கிளப் போட்ட வீடியோ. மேஸ்திரி முன்னால் நடக்கிறார், பின்னால் ஜீப் மொத்தமும் வருகிறது. எங்கள் அறைகளுக்கும் நடைக்கும் புதுப் பெயிண்ட் அடித்து, நடைச் சுவரில் ஒரே மூச்சு, ஒரே குடும்பம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். வீடியோவின் தொடக்கத்தில் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எடுத்த காட்சி. நான் முதல் அறையோடு திரும்பிவிட்ட அதே நடை முழுக்க எல்லா அறைச் சாமானும் வெளியே. நாற்காலி, மானிட்டர், தூக்கக் கோச்சின் தலையணை, கிரெக்கின் பந்து மூட்டை. மேஸ்திரியின் ஜாக்கெட்கூட ஒரு பெட்டிக்கு மேலே இருந்தது. சதுரமாக மடித்து.

நான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள்.

சொன்னேன். பையைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. அதனால் ஜீப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. ஜீப்பைச் சொன்னதும் கொங்காணியைச் சொல்ல வேண்டியிருந்தது. பேச்சி அத்தை எனக்கு இட்லி எடுத்து வைத்ததைச் சொன்னேன். இவ்வளவு நேரம் அவள் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து உட்கார்ந்து எத்தனையோ காலமாயிற்று. எழுந்து போய்விடுவாளோ என்று கதையைக் கொஞ்சம் இழுத்தும் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அத்தைய ஏன் நிப்பாட்டினாங்க?" என்றாள்.

"தெரியாது."

"இப்பவரைக்குமா?"

"இப்பவரைக்கும்."

"இது பெயிண்டுக்காக க்ளீனர் எடுத்து வச்சிருப்பாங்கப்பா. ஆப்ல போட்டிருப்பாங்க. நீங்க ஏன் ஜஸ்ட் கேக்கல?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். கேட்டு வாங்கினால் அது வேலையா என்ற அக்காவின் வாக்கியம் வாய்வரை வந்தது. அந்த வரவேற்பறையில், அந்தப் பிள்ளைக்கு முன்னால், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.  அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவளே என் போனை வாங்கி அந்த ஆப்பை ஏற்றிக்கொடுத்தாள். முதல் அறிவிப்பு, நடையிலும் அறைகளிலும் பெயிண்ட் அடிப்பதால் உள்ளே இருக்கிற பொருட்கள் வெளியே எடுத்து வைக்கப்படும், சிரமத்துக்கு வருந்துகிறோம். இரண்டாவது அறிவிப்பு, ஆட்டக்காரர்கள் உடல் பரிசோதனைக்கு வேறு ஊருக்குப் போகிறார்கள், வாரக் கடைசியில் திரும்புவார்கள்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப மடிச்சு வச்சது?"

"கூட்டுற பொம்பளையா இருக்கும்க்கா. எல்லார் கோட்டையும் மடிச்சிருக்கு."

"நாசமாப் போச்சு" என்றாள் அக்கா. நான் சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை. "இத்தன நாளு போகாம இருந்திருக்கியே, ஏன்னு ஒரு ஆளு கேக்கலையாலே?"

அதுவரை அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"கொண்டுபோய்த் திரும்ப வச்சுப் பாரு. ஒருதடவ வைக்கலாம்" என்றாள்.

6

மறுநாள் காலையில் மற்றவர்களுக்கு முன்னால் போய்விட்டேன். நடையில் பெயிண்ட் வாசனை. ஒரே குடும்பம் என்று எழுதிய சுவரைத் தாண்டி என் அறையைத் திறந்தேன். பையைக் கட்டிலுக்கு அடியில், எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தேன். செருப்பை மாற்றிக்கொண்டேன். கோட்டை ஆணியில் மாட்டினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது வந்து எடுத்து வெளியே வைக்கட்டும், அல்லது எங்கே போயிருந்தாய் என்று கேட்கட்டும். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

முதலில் துணைக் கோச் போனார், கையை ஆட்டினார். கம்ப்யூட்டர்க்காரர் போனார். தாடிக்காரப் பையன் தலையை நீட்டி, பரிசோதனைக்குப் போன இடம் எப்படி இருந்தது, சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேட்டான். நான் ஆட்டக்காரர்களோடு போயிருந்ததாக அவன் நினைத்திருக்கிறான். மத்தியானம் திரும்பிவந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், உங்களுக்கென்ன, இங்கேயே ஜாலியாக இருந்துவிட்டீர்கள் என்றார். நான் கிளப்பில் இருந்ததாக அவர்கள் நினைத்திருக்கிறார்கள். மேஸ்திரி என் கதவைத் தாண்டிப் போகும்போது, பிரமாதமான வேலை ஆண்டி என்றார். என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒன்பது பேர். நான் யாருக்குக் கீழே வேலை செய்கிறேன் என்று ஒவ்வொருவனும் அடுத்தவனைக் கைகாட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் நான் வேலையை விட்டுப் போய், மானத்தோடு வீட்டில் உட்கார்ந்து, திரும்பியும் வந்துவிட்டேன். அது இந்த நாட்டில் ஒரு மனிதருக்கும் தெரியாது.

அக்காவின் கொங்காணியை எங்கள் வாசலில் வைத்த கங்காணிக்கு அவள் பெயர் தெரியும். எந்த வீடு என்று தெரியும். அவளை வேண்டாம் என்பதற்காக இருட்டில் எங்கள் தெருவரைக்கும் நடந்து வந்திருக்கிறார். அந்த ஆளை நான் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு, சுவரில் காய்ந்தும் காயாமலும் இருந்த குடும்பத்தைப் பார்த்தபடி, அவரைக் கொஞ்சம் மதிக்கவேண்டி வந்ததே என்று எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் கிளம்பப்போகும்போது கதவை யாரோ தட்டினார்கள். கிரெக். வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நாள் முழுக்கப் பந்தை எறிந்து எறிந்து தோள் போய்விட்டது, சொல்லிக்கொடுக்கிறவருக்கே. உட்காரச் சொன்னேன். சட்டையைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்கள் புதிதாகச் சேர்ந்தவரா?" என்று கேட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்த மனிதர். பந்தை எறியச் சம்பளம் வாங்குகிறவர். எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவர் நிஜமாகவே அன்பாகத்தான் கேட்டார், அதுதான் தாங்கவில்லை.

"ஆமாம்" என்றேன்.

"நல்வரவு. முதல் வாரம் எல்லாருக்கும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். போகப்போகப் பழகிவிடும். நல்ல குடும்பம் இது."

நன்றி சொன்னேன். அவர் தோள்பட்டைக்குப் பின்னால், தசை முடிச்சு விழுந்திருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினேன். கிரெக் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தைப் பிடித்தார்.

"வலிக்குதாலே?" என்று தமிழிலேயே கேட்டேன்.

என்ன புரிந்ததோ, கண்ணை மூடியபடியே தலையாட்டினார். "ஆமாம், ஆமாம், சரியாக அந்த இடம்தான்" என்றார்.